மெல்லிசை மேடையில் பாஸ் கிதார்: கருவி, ஆம்ப்ளிஃபயர், தொனி – ஓர் ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

திறந்தவெளி மேடையில் இசைக்கும் மெல்லிசைக் குழுவொன்றில் பாஸ் கிதாரின் தொனியை எவை தீர்மானிக்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மரம், காந்தச்சுருள், தந்தி, ஆம்ப்ளிஃபயர், ஒலிபெருக்கிப் பெட்டி, கேட்போர் செவி ஆகிய கண்ணிகள் வரிசையாக ஒப்பிடப்படுகின்றன. தமிழ்த் திரைப்பாடலில் பாஸ் பல இடங்களில் எதிர்மெட்டாக இயங்குவதால், மேடையில் அதற்குத் தேவைப்படுவது அடியாழத்தைவிடச் சுரத்தெளிவே என்பதும், அத்தெளிவு இடைநிலை அதிர்வெண்களில் தங்கியுள்ளது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: பாஸ் கிதார், மெல்லிசைக் குழு, தொனி, மேற்சுரம், ஒலிபெருக்கி, திரையிசை, தம்மம்பட்டி.

முன்னுரை

திருவிழா மேடைகளில் திரைப்பாடல்களை நேரடியாக இசைக்கும் மெல்லிசைக் குழுக்கள் தமிழக ஊர்களின் பொதுவெளிப் பண்பாட்டில் நிலைத்த இடம் பெற்றவை. பாடகர், கீபோர்டு, தபலா, டோலக், டிரம்ஸ், ஆக்டோபேட், கிதார் ஆகியவற்றோடு பாஸ் கிதாரும் அமைந்ததே முழுமையான குழுவாகக் கருதப்படுகிறது. எனினும் சிறு குழுக்களில் கீபோர்டு கலைஞரின் இடக்கையே பாஸ் பகுதியை ஏற்பதும், முன்பே பதிவுசெய்த இசைத்தடத்தை ஓடவிடுவதும் வழக்கில் உள்ளன. பாஸின் சுரங்கள் அவையோர்க்குத் தெளிவாக எட்டாத மேடையில் இம்மாற்றம் ஒரு குறையாக உணரப்படுவதில்லை. எனவே பாஸ் கிதாரின் தொனி பற்றிய வினா கருவி வாங்குவோரின் விருப்பத்தோடு முடிவதன்று. குழுவில் அக்கலைஞரின் இடம் நிலைக்குமா என்பதும் அதில் அடங்கியுள்ளது.

கருவியை ஒப்பிடுவோர் பொதுவாக மரத்தையும் தயாரிப்பு நிறுவனத்தையும் முதலிலும், ஆம்ப்ளிஃபயரை அடுத்தும், ஒலிபெருக்கிப் பெட்டியை இறுதியிலும் வைத்து எண்ணுகின்றனர். மேடையில் இவ்வரிசை எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்பதைப் பின்வரும் பகுதிகள் காட்டும்.

1. மரமும் மின்தந்தியும்

சேலம் மாவட்டம் கெங்கவல்லி வட்டத்தில், கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடைப்பட்ட நிலத்தில் அமைந்த தம்மம்பட்டி, மரச்சிற்பத்தால் அறியப்பட்ட ஊர். வாகை முதலிய மரங்களில் தெய்வ உருவங்களும் கோயில் வாகனங்களும் அங்குச் செதுக்கப்படுகின்றன. மரத்தின் இயல்பறிந்து தொழில் செய்யும் அத்தகைய ஊர்களில், இசைக்கருவியின் குரலும் மரத்திலிருந்தே பிறக்கிறது என்னும் எண்ணம் இயல்பானது. வீணையின் குடமும் தவிலின் உடலும் பலாமரத்தில் அமைவது இவ்வெண்ணத்திற்கு வலுச் சேர்க்கிறது. அக்கருவிகளில் தந்தி அல்லது தோலின் அதிர்வு மரக்கூட்டினால் ஒத்ததிர்வு பெற்றுக் காற்றில் பரவுகிறது.

மின் பாஸ் கிதாரின் செயல்முறை வேறு. அதன் உடல் பெரும்பாலும் திண்மையான பலகை. எஃகுத் தந்தி காந்தச்சுருளின் மேல் அதிரும்போது காந்தப்பாயம் மாறி, மின்காந்தத் தூண்டலால் சுருளில் மிகச் சிறிய மின்னழுத்தம் தோன்றுகிறது. செவிக்கு எட்டும் ஒலி அம்மின்னழுத்தத்தின் வழிவந்ததே. மரத்தின் அடர்த்தியும் கழுத்தின் விறைப்பும் தந்தியின் அதிர்வு எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதை ஓரளவு பாதிக்கும். ஆயினும் காந்தச்சுருளின் அமைப்பும் இருப்பிடமும், தந்தியின் வகை, விரல் படும் இடம் ஆகியனவும் தொனியில் ஏற்படுத்தும் மாற்றம் அதனினும் பெரிது. தென்னிந்தியக் காடுகளில் வளரும் ஈட்டி மரம் உலகெங்கும் கிதார்களின் விரற்பலகையாகப் போற்றப்படுவது உண்மையே. அம்மரத்தின் உறுதியும் தேய்மானம் தாங்கும் பண்பும் அதற்குரிய காரணங்களில் முதன்மையானவை. வீணையைத் தேர்வதற்குரிய அளவுகோல் பாஸ் கிதாருக்கு அப்படியே பொருந்துவதில்லை.

2. கருவி வகைகளின் ஒப்பீடு

லியோ ஃபெண்டர் 1951-இல் அறிமுகப்படுத்திய பிரிசிஷன் பாஸ், பெரிய டபுள் பாஸின் பணியைத் தோளில் மாட்டும் கருவிக்குக் கொணர்ந்தது. மெட்டுகள் பொருத்தப்பட்டமையால் சுரத்தைத் துல்லியமாகப் பிடிக்க முடிந்தது. அப்பெயரும் அதனைச் சுட்டுவதே. அதன் 34 அங்குலத் தந்தி நீளம் இன்றும் பொது அளவாக உள்ளது. 1957-இல் அதற்கு இரண்டாகப் பிளந்த காந்தச்சுருள் அமைந்தது. கழுத்திற்கும் பாலத்திற்கும் இடையே சுருள் இருப்பதால் அடிச்சுரமும் கீழ் இடைநிலையும் திரண்டு ஒலிக்கும். கூட்டிசையில் கரைந்து போகாமல் நிற்பது இத்தொனியின் வலிமை.

1960-இல் வந்த ஜாஸ் பாஸில் இரண்டு ஒற்றைச்சுருள்கள் உள்ளன. பாலத்தை ஒட்டிய சுருள் மேற்சுரங்களை மிகுதியாகவும் அடிச்சுரத்தைக் குறைவாகவும் பெறும். அதனைச் சற்றே உயர்த்திவைத்தால் விரைவான சுரக்கோவைகளும் சறுக்கல்களும் எழுத்தெழுத்தாகக் கேட்கும். இரு சுருள்களையும் சமமாக வைத்தால் இடைநிலையில் ஒரு பள்ளம் விழும். தனியாகக் கேட்கும்போது இனிக்கும் அத்தொனி குழுவில் ஒளிந்துகொள்வதற்கு அப்பள்ளமே காரணம். 1976-இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே, மின்கலத்தால் இயங்கும் முன்பெருக்கியைக் கருவிக்குள்ளேயே கொண்டது. அதன் கூர்மை மேடைக்கு உதவும். நிகழ்ச்சியிடையே மின்கலம் தீர்ந்தால் ஒலி நலியும் என்பதால் மாற்று மின்கலம் உடனிருத்தல் வேண்டும். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியால் புகழ்பெற்ற, உள்ளீடற்ற உடலுடைய ஹாஃப்னர் 500/1 மென்மையான, விரைவில் அடங்கும் ஒலியைத் தருவது. உரத்த திறந்தவெளி மேடையில் அத்தகைய உள்ளீடற்ற உடல் ஒலிபெருக்கியின் ஒலியை ஏற்று ஊளையிட வாய்ப்புண்டு.

ஐந்து தந்திக் கருவி மெல்லிசைக் குழுவுக்குத் தனிப் பயன் உடையது. நான்கு தந்திப் பாஸின் கீழ்த்தந்தி 41.2 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் ஈ சுரம். மேடைப் பாடகரின் குரலுக்கேற்பப் பாடலின் சுருதி இறக்கப்படும்போது, மூலப்பாடலில் ஈ சுரத்தில் நின்ற இடம் 36.7 ஹெர்ட்ஸ் உடைய டி சுரத்திற்கு இறங்கலாம். நான்கு தந்திக் கருவியில் அச்சுரத்தை ஒரு ஸ்தாயி மேலே வாசிக்க நேர்ந்து, பாஸ் வரியின் இறக்கம் முறிந்துவிடும். 30.9 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் ஐந்தாம் தந்தி அம்முறிவைத் தவிர்க்கிறது.

தந்தியின் வகையும் கருதத்தக்கது. உருள்கம்பி சுற்றிய தந்தி புதிதாக உள்ளபோது மேற்சுரங்களை ஒளியுடன் தரும். வியர்வையும் தூசியும் படிந்தால் விரைவில் மங்கும். தட்டைக்கம்பி சுற்றிய தந்தி நெடுநாள் ஒரே சீராக ஒலிக்கும். மோட்டவுன் இசைப்பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தட்டைத் தந்திகளை அரிதாகவே மாற்றியவர். கருவியை மாற்றுவதற்கு முன் தந்தியை மாற்றிப் பார்ப்பது மிகக் குறைந்த செலவில் செய்யத்தக்க ஒப்பீடாகும்.

3. ஆம்ப்ளிஃபயரும் ஒலிபெருக்கிப் பெட்டியும்

பாஸ் கிதாருக்கென ஃபெண்டர் நிறுவனம் 1952-இல் பாஸ்மேன் ஆம்ப்ளிஃபயரை வெளியிட்டது. 1969-இல் ஆம்பெக் நிறுவனத்தின் எஸ்.வி.டி. 300 வாட் திறனோடு பெரிய அரங்குகளுக்கு உரியதாயிற்று. வெற்றிடக்குழாய் ஆம்ப்ளிஃபயர் தன் எல்லையை நெருங்கும்போது படிப்படியாகச் சிதைந்து மேற்சுரங்களைப் பெருக்குகிறது. அதனால் அது உண்மையான திறனைவிட உரப்பாகத் தோன்றும். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் எல்லைவரை தூய்மையாக ஒலித்துத் திடீரெனக் கரகரக்கும். இன்றைய டி-வகுப்பு ஆம்ப்ளிஃபயர்கள் ஒரு கையில் தூக்கத்தக்க எடையில் பல நூறு வாட் திறன் தருவன. இரவுதோறும் ஊர்விட்டு ஊர் செல்லும் குழுவுக்கு இவை ஏற்றவை.

வாட் எண்ணிக்கையை மட்டும் கொண்டு உரப்பை மதிப்பிடுதல் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். திறன் இரட்டித்தால் ஒலிமட்டம் 3 டெசிபெல் மட்டுமே உயரும். தடையற்ற வெளியில் தொலைவு இரட்டித்தால் 6 டெசிபெல் குறையும். எனவே 8 மீட்டரில் கேட்கும் அதே உரப்பை 16 மீட்டரில் பெற நான்கு மடங்கு திறன் வேண்டும். அறையினுள் சுவரும் மூலையும் தாழ்சுரத்தைத் தாங்கித் திருப்பும். கோயில் திடலில் அத்துணை இல்லை. ஈ சுரத்தின் அலைநீளம் 8 மீட்டருக்கும் அதிகம் ஆதலின், சிறிய பெட்டியொன்றால் அதனைத் திடல் முழுவதும் பரப்புதல் இயலாது. ஒரே உரப்பில் 80 ஹெர்ட்ஸுக்குப் பதில் 40 ஹெர்ட்ஸை எழுப்ப, ஒலிபெருக்கியின் கூம்பு நான்கு மடங்கு தொலைவு அசைய வேண்டும். பாஸ் குமிழை முழுதும் திருகும்போது ஆம்ப்ளிஃபயர் திணறுவதற்கு இதுவே காரணம்.

எட்டு 10 அங்குலக் கூம்புகள் கொண்ட ஆம்பெக் எஸ்.வி.டி. 810-இ பெட்டி, மேடை பாஸின் அளவுகோலாக மதிக்கப்படுவது. நிறுவனம் தரும் விவரத்தின்படி அதன் ஒலி சுமார் 58 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறையத் தொடங்குகிறது. ஈ சுரத்தின் 41.2 ஹெர்ட்ஸ் அதன் முழு வீச்சுக்கு வெளியே நிற்கிறது. ஆயினும் அப்பெட்டியில் பாஸ் மெலிந்ததாக எவரும் கூறுவதில்லை. இதற்கான விளக்கம் செவியின் இயல்பில் கிடைக்கிறது.

4. செவி நிரப்பும் அடிச்சுரம்

தந்தி ஒன்று அதிரும்போது அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் மடங்குகளும் எழுகின்றன. ஈ சுரத்தில் 82.4, 123.6, 164.8 ஹெர்ட்ஸ் என அவை தொடரும். அடிப்படை அதிர்வெண் நீக்கப்பட்டாலும் இம்மடங்குகளின் இடைவெளியைக் கொண்டு செவி அதே சுரத்தை உணர்கிறது. ஒலியுணர்வியலில் இது விடுபட்ட அடிச்சுரம் எனப்படும். மேலும், தாழ்சுரங்களைச் செவி குறைவாகவே உணர்கிறது என்பதை ஃபிளெட்சர், மன்சன் ஆகியோர் 1933-இல் வெளியிட்ட சம உரப்புக் கோடுகள் காட்டின.

தமிழர் திரையிசையைக் கேட்ட வரலாறு இதற்கு நல்ல சான்று. தேநீர்க்கடையின் சிறு டிரான்சிஸ்டர் வானொலியால் 41 ஹெர்ட்ஸை எழுப்ப இயலாது. கல்யாண வீட்டின் குழாய் ஒலிபெருக்கியோ சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறத்தாழ ஊமை. அவ்வழியே பாடலைக் கேட்டவர்களும் பாஸ் வரியை முணுமுணுக்கக் கற்றனர். அவர்கள் காதில் விழுந்தவை மேற்சுரங்கள். அடிச்சுரத்தை நிரப்பியது செவி.

5. திரையிசையில் பாஸின் பணி

1976-இல் அன்னக்கிளி வழியே அறிமுகமான இளையராஜாவின் பாடல்களில் பாஸ் கிதார், இசைவின் மூலச்சுரத்தை அடித்துக்கொண்டிருப்பதோடு நிற்பதில்லை. பாடகர் சுரத்தை நீட்டும் இடத்தில் அது நடந்து, அவர் பாடும் இடத்தில் ஒதுங்கி, பல இடங்களில் எதிர்மெட்டாகவே இயங்குகிறது. அவருடைய குழுவில் நெடுங்காலம் பாஸ் வாசித்த சசிதரனின் பங்கு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. 1992-இல் ரோஜாவுடன் தொடங்கிய ஏ.ஆர். ரகுமானின் இசையில் கீத் பீட்டர்ஸ் போன்றோரின் பாஸ் கிதாரோடு, மின்னணு ஒலியாக்கியின் ஆழ்ந்த பாஸும் இடம்பெற்றது.

மெல்லிசைக் குழு ஒரே இரவில் இவ்விரு மரபுகளையும் வாசிக்க வேண்டியுள்ளது. முதலாவதில் ஒவ்வொரு சுரமும் இன்னதென அறியப்படாவிடில் பாடலின் பாதி இழக்கப்படும். இரண்டாவதில் தாளத்தின் கனம் முதன்மை பெறும். கனத்தை டிரம்ஸின் கால்முரசும் ஆக்டோபேடும் பகிர்ந்துகொள்ள முடியும்; எதிர்மெட்டை வேறெக்கருவியும் ஈடுசெய்வது அரிது. நாட்டுப்புறப் பாங்கான பாடல்களில் தவிலின் தொப்பியும் உறுமியின் இழுவையும் தபலாவின் டக்காவும் தாழ்நிலை அதிர்வெண்களில் ஏற்கெனவே இடம் கொண்டிருக்கும். அங்குப் பாஸையும் அடியில் குவித்தால் எல்லாம் கலங்கி ஒரே முழக்கமாகும்.

6. ஒப்பிடும் முறை

மேற்கண்டவற்றிலிருந்து நடைமுறைக்குரிய சில நெறிகளைப் பெறலாம். முதலாவது, கருவியையும் ஆம்ப்ளிஃபயரையும் குழுவோடு வாசித்தே ஒப்பிட வேண்டும். கடையில் தனித்து வாசிக்கும்போது ஆழமும் பளபளப்பும் கவரும். இடைநிலை முரடாகத் தோன்றும். குழுவில் நிலைமை தலைகீழாகும். இரண்டாவது, ஒப்பிடும் இரண்டும் ஒரே உரப்பில் ஒலிக்க வேண்டும். சற்று உரத்ததே சிறந்ததாகத் தோன்றுவது செவியின் இயல்பு. மூன்றாவது, தீர்ப்பு மேடையிலிருந்து வழங்கப்படலாகாது. அவையின் கடைவரிசையில் நிற்கும் ஒருவர் பாஸ் வரியைத் திரும்பப் பாட முடிகிறதா என்பதே தக்க சோதனை.

தொனியமைப்பில், 40 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்டதை நான்கு தந்திக் கருவிக்கு வடிகட்டுதல் ஆம்ப்ளிஃபயரின் சுமையைக் குறைக்கும். 80 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை உடற்கட்டும், 500 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை சுரத்தெளிவும் தங்கியுள்ளன. 200 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை சிறிது குறைத்தால் பாடகரின் குரலுக்கும் டக்காவுக்கும் இடம் விடும். மைக்செட் வழங்குவோரிடம் தாழ்சுரப் பெட்டிகள் இருப்பின், டி.ஐ. பெட்டி வழியே பாஸை நேராக மிக்சருக்கு அனுப்பி, மேடை ஆம்ப்ளிஃபயரைக் கலைஞரின் காதுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நலம். உரப்பைக் கூட்டிக்கொண்டே செல்வதற்குச் சட்ட வரம்பும் உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. திருவிழாக்களுக்கு ஆண்டில் 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு தரலாம்.

முடிவுரை

மரமும் பெயரும் தொடக்கத்தில் பெறும் முதன்மை, மேடையின் ஒலிச்சங்கிலியில் கீழிறங்குகிறது. தந்தி, சுருளின் இடம், பெட்டியின் தன்மை, இடைநிலை அதிர்வெண்களின் அளவு ஆகியன மேலேறுகின்றன. குறைந்த செலவுடைய குழு நடுத்தரக் கருவியும் நல்ல பெட்டியும் கொள்வது, உயர்ந்த கருவியும் எளிய பெட்டியும் கொள்வதினும் பயன் தரும். தமிழ்த் திரைப்பாடலின் பாஸ் கனத்துக்காக மட்டும் எழுதப்படாமல் பாடப்படத்தக்கதாக எழுதப்பட்டது. அவ்வரி கடைவரிசைக்குச் சென்று சேரும் மேடையில், கீபோர்டின் இடக்கை அதற்கு மாற்றாகாது என்பதைக் கேட்போரே உணர்வர். கோயில் திடல்களில் நிகழும் கச்சேரிகளைக் கள அளவீடுகளோடு பதிவுசெய்வது இத்துறையில் மேற்கொள்ளத்தக்க அடுத்த பணியாகும்.