வாள்வீச்சும் அணியின் வலிமையும்

வாள்வீச்சு தனிமனித வீரம் என்பதே பலரது எண்ணம். ஆயினும் ஒலிம்பிக்கில் 1904ஆம் ஆண்டிலேயே அணிப் போட்டி இடம்பெற்றது. பெண்களுக்கோ 1960இல், ரோம் நகரில்தான் அவ்வாய்ப்புக் கிட்டியது. இன்றைய முறையில் மூவர் கொண்ட இரு அணிகள் ஒன்பது தடவை மோதுகின்றன. புள்ளிகள் தொடர்ந்து கூட்டப்படுகின்றன. உச்ச இலக்கு 45. ஒருவர் இழந்ததை அடுத்தவர் மீட்கலாம்.

2016இல் ரியோவில் ஹிஜாப் அணிந்து களமிறங்கிய இப்திஹாஜ் முஹம்மத், தனிப் போட்டியில் தோற்றும், அமெரிக்க அணியினருடன் இணைந்து வெண்கலம் வென்றார். 2021இல் டோக்கியோ சென்ற சென்னையின் பவானி தேவி, ஒலிம்பிக்கில் வாளேந்திய முதல் இந்தியர். முதற்போட்டியில் வென்று, அடுத்ததில் வெளியேறினார். அவருக்குத் தோள்கொடுக்க அங்கு இந்திய அணி இருக்கவில்லை.

முரசுமோட்டை முதலான நமது கிராமங்களுக்கும் இது பாடமாகும். தனியொருவரைப் போற்றுவதுடன் நில்லாது, அணிகளை வளர்த்தெடுப்போம்.