கார் கம்பெனியில் பிறந்த பாட்டு, கம்பெனி பஸ்ஸில் ஓடுது... தெரியுமா?

சிங்கப்பெருமாள் கோவில் என்றதும் முதலில் யார் ஞாபகத்துக்கு வருவார்? நெற்றிக்கண்ணோடு வீற்றிருக்கும் பாடலாத்ரி நரசிம்மர்! அவரை வலம் வர வேண்டுமானால் குன்றையே சுற்றி வர வேண்டும்! அடுத்து ஞாபகம் வருவது? ஜி.எஸ்.டி. ரோட்டில், கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்க, ஷிஃப்ட் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் கூட்டம்! ஒரகடம், மறைமலை நகர், மஹிந்திரா சிட்டி என்று ஆளுக்கொரு திசை! இந்தக் கூட்டத்தின் பிழைப்புக்கும், அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஃபங்க், சோல் இசைக்கும், ரஜினியின் 100-வது படத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

சென்னையை ‘இந்தியாவின் டெட்ராய்ட்’ என்கிறோமே, அசல் டெட்ராய்ட்டில் கார் மட்டுமா தயாரானது? பாட்டும் தயாரானது! 1950-களில் அங்கே ஃபோர்டு கம்பெனியின் லிங்கன்-மெர்க்குரி ஆலையில் ஓர் இளைஞர் வேலை பார்த்தார். பெயர் பெர்ரி கார்டி. நகர்ந்து வரும் காரில் குரோம் பட்டையைப் பொருத்த வேண்டும், சீட் உறையை இறுக்க வேண்டும். சம்பளம், வாரத்துக்கு 86 டாலர் சொச்சம்! கை வேலை செய்யும், வாய் மெட்டுப் போடும்! ஒரு பக்கம் வெறும் சட்டமாக நுழைவது மறுபக்கம் பளபளக்கும் காராக வெளியே வருகிறதே, பாடகர்களையும் இப்படித் தயார் செய்தால் என்ன என்று யோசித்தார். 1959-ல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி ஆரம்பித்ததுதான் மோட்டவுன் கம்பெனி! 1988-ல் அதை எவ்வளவுக்கு விற்றார் தெரியுமா? 6 கோடியே 10 லட்சம் டாலர்!

கியூ.சி. எனும் தரக் கட்டுப்பாட்டு டிபார்ட்மென்ட் ஆட்களே, இது உங்களுக்கு! மோட்டவுனிலும் வாராவாரம் கியூ.சி. மீட்டிங் நடந்தது தெரியுமா? புதுப் பாட்டைப் போட்டுக் காட்டி ஓட்டெடுப்பு நடத்துவார்கள். கார்டி கேட்கும் கேள்வி என்ன தெரியுமா? கையில் ஒரே ஒரு டாலர்தான் இருக்கிறது, பசி வேறு. இந்த ரெக்கார்டை வாங்குவாயா, சாண்ட்விச் வாங்குவாயா? சாண்ட்விச் ஜெயித்தால் பாட்டு ரிஜெக்ட்!

அந்த ஸ்டூடியோ எங்கே இருந்தது? ஒரு சாதாரண வீட்டின் கார் ஷெட்டில்! நாளுக்கு எத்தனை மணி நேரம் திறந்திருந்தது? 22! ரெக்கார்டிங்குகளில் பேஸ் கிடார் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வலது கையில் எத்தனை விரலால் மீட்டினார்? ஒரே ஒரு விரலால்! ஆள்காட்டி விரல்! உலகமே ஆடிய மெட்டுகளின் அஸ்திவாரம் அந்த ஒற்றை விரல்!

இனி வருவதுதான் உச்சம்! 1965-ல் சி.பி.எஸ். டி.வி. நிகழ்ச்சி ஒன்றுக்காக மார்த்தா அண்ட் தி வாண்டெல்லாஸ் என்ற பெண்கள் குழுவின் ‘நோவேர் டு ரன்’ பாட்டைப் படமாக்கினார்கள். எங்கே? டெட்ராய்ட்டை ஒட்டிய ஃபோர்டு ரூஜ் ஆலையில், மஸ்டாங் கார் அசெம்பிளி லைன் மேலேயே! செட் அல்ல, நிஜ ஆலை! சுற்றிலும் ஆட்கள் ஸ்பானரும் கையுமாக வேலை செய்துகொண்டிருக்க, நடுவே இவர்கள் ஆடுகிறார்கள்! பாட்டில் ‘ஜல் ஜல்’ என்று ஒரு சத்தம் வருமே, அது என்ன வாத்தியம்? வாத்தியமே இல்லை! பனிச் சாலையில் வழுக்காமல் இருக்க கார் சக்கரத்தில் மாட்டும் இரும்புச் சங்கிலி!

அதே ஃபோர்டு 1990-களில் எங்கே வந்து ஆலை போட்டது? மின்சார ரயிலில் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால், மறைமலை நகரில்! 2022-ல் அங்கே கார் உற்பத்தியை நிறுத்தியபோது இந்தப் பக்கத்து டீக்கடைகளில் வேறு பேச்சே இல்லை. அந்த லைனில் யாரும் பாட்டுப் படம் எடுக்காமல் விட்டது நம் சினிமாக்காரர்களின் குறை என்பேன்!

சரி, சினிமாவுக்கு வருவோம். 1971-ல் வந்த ‘ஷாஃப்ட்’ என்ற துப்பறியும் படத்துக்கு இசை ஐசக் ஹேய்ஸ். அதன் தீம் பாட்டில் பாடகர் எப்போது வாய் திறக்கிறார் தெரியுமா? இரண்டு நிமிடம் தாண்டிய பிறகு! அதுவரை என்ன நடக்கிறது? ஹை-ஹாட் தட்டு ‘டிஸ்-டிஸ்-டிஸ்’ என்று விடாமல் ஓட, வா-வா பெடலைக் காலால் மிதித்து மிதித்து கிடாரைப் பேச வைக்கிறார்கள்! அந்தப் பாட்டுக்கு ஆஸ்கர்! சிறந்த பாடலுக்கான ஆஸ்கரை வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர் அவர்தான்! அதே பிரிவில் 37 ஆண்டுகள் கழித்து, 2009-ல் மேடை ஏறியவர் யார்? நம்ம ஏ.ஆர். ரகுமான்!

இன்னொரு வேடிக்கை! ‘ஷாஃப்ட்’ படத்தை இயக்கியவர் கார்டன் பார்க்ஸ். மறு வருடமே வந்த அதே ரகப் படம் ‘சூப்பர் ஃப்ளை’. இயக்கியவர்? அவருடைய மகன்! அதற்கு இசையமைத்த கர்ட்டிஸ் மேஃபீல்டின் பாட்டுத் தட்டு, படத்தையே மிஞ்சி வசூல் பண்ணியது!

ஃபங்க் இசையில் பேஸ் கிடார் கம்பியைக் கட்டைவிரலால் அறையும் ‘ஸ்லாப்’ பாணி எப்படி வந்தது தெரியுமா? லாரி கிரகாம் என்ற பையன் அம்மாவோடு சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்தான். டிரம்மர் இல்லாமல் போய்விட்டது. டிரம் சத்தத்துக்கு எங்கே போவது? கம்பியையே அறைந்துவிட்டான்! ஆள் பற்றாக்குறையால் ஒரு பாணியே பிறந்தது!

டி.வி. பக்கம் திரும்பினால் தலை சுற்றும்! ‘சோல் டிரெயின்’ என்ற ஆட்டபாட்ட நிகழ்ச்சி 1971-லிருந்து 2006 வரை அமெரிக்கா முழுக்க ஓடியது. 1,100 எபிசோடுக்கு மேல்! அதன் தீம் இசை 1974-ல் பில்போர்டு பட்டியலில் முதலிடம்! ஒரு டி.வி. நிகழ்ச்சியின் தீம் அந்த இடத்தைப் பிடித்தது அதுதான் முதல் தடவை! (வெள்ளிக்கிழமை ராத்திரி ‘ஒலியும் ஒளியும்’ பார்க்கப் பக்கத்து வீட்டுக்கு ஓடிய தலைமுறைக்கு இந்தப் பைத்தியம் புரியும்!)

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ‘பவர்பஃப் கேர்ள்ஸ்’ கார்ட்டூன் பார்த்து வளர்ந்தவர்களா? அதன் தீமில் ஓடும் டிரம், 1969-ல் தி வின்ஸ்டன்ஸ் குழுவின் சோல் ரெக்கார்டு ஒன்றின் பின்பக்கத்தில் கிடந்தது! மொத்தம் ஏழே விநாடிதான்! அந்தத் துண்டை வெட்டி ஒட்டிய பாட்டுகள் ஆயிரக்கணக்கில்! வாசித்த கிரிகரி கோல்மனுக்கு ராயல்டியாக என்ன கிடைத்தது தெரியுமா? சல்லிக்காசு கிடையாது!

மோட்டவுனின் 25-வது ஆண்டு விழா 1983-ல் அமெரிக்க டி.வி.யில் வந்தது. பார்த்தவர்கள் சுமார் 4 கோடியே 70 லட்சம் பேர்! அந்த மேடையில்தான் மைக்கேல் ஜாக்சன் முதன்முதலாக மூன்வாக் போட்டார்! அப்புறம் கோடம்பாக்கத்தில் பின்பக்கமாக நழுவாத ஹீரோ உண்டா?

நம்மூர்க் கணக்குக்கு வருவோமா? 1969. மவுண்ட் ரோடு சஃபையர் தியேட்டர் வளாகம். தரைக்கடியில் ‘நைன் ஜெம்ஸ்’ என்ற கிளப். பட்டுப் புடவை கட்டிய ஒரு தமிழ்ப் பெண் மைக்கைப் பிடித்து ஆங்கிலப் பாட்டுகளை அடித்தொண்டையில் பாடுகிறார்! நைட் கிளப்பில் புடவையா? ஆம், அவர்தான் உஷா உதுப்! 1975-ல் ‘மேல்நாட்டு மருமகள்’ படத்தில் அவரை ஆங்கிலப் பாட்டு பாட வைத்த இசையமைப்பாளர் யார் தெரியுமா? நெற்றி நிறைய விபூதியோடு வயலின் வாசித்த குன்னக்குடி வைத்தியநாதன்! டைரக்டர்? ‘திருவிளையாடல்’ எடுத்த ஏ.பி. நாகராஜன்! அடேங்கப்பா!

இளையராஜா? கேட்கவே வேண்டாம்! 1978-ல் வந்த ‘சிகப்பு ரோஜாக்கள்’ படத்துப் பாட்டு ஒன்றை இன்று ராத்திரி ஹெட்போனில் கேளுங்கள். பாடும் குரலை விட்டுவிட்டு அடியில் ஓடும் பேஸ் கிடாரை மட்டும் பிடியுங்கள். அது தனியாக இன்னொரு பாட்டே பாடிக்கொண்டிருக்கும்! அந்தக் காலத்து ராஜா பாட்டுகளைத் தேடிப்பிடித்து ‘சொல்லச் சொல்ல’ என்ற பெயரில் தொகுத்து வெளியிட்டது எந்த ஊர்க் கம்பெனி? நம்மூர்க் கம்பெனி இல்லை, இங்கிலாந்தின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ்!

இப்போது அந்த ரஜினி விஷயம்! 1985-ல் வந்த ‘ஸ்ரீ ராகவேந்திரர்’, ரஜினியின் 100-வது படம். சிகரெட் இல்லை, சண்டை இல்லை. காவி கட்டி மந்திராலய மகானாக நடித்தார்! அதில் ராஜா இசையில் ‘உனக்கும் எனக்கும்’ என்று ஓர் ஆட்டப் பாட்டு உண்டு. 18 வருஷம் கழித்து, 2003-ல், லாஸ் ஏஞ்சலஸின் ‘பிளாக் ஐட் பீஸ்’ குழு ‘எலிஃபங்க்’ என்ற ஆல்பம் போட்டது. அதன் தலைப்பு தீமில் வந்து உட்கார்ந்தது எது? அந்த ராகவேந்திரர் பாட்டுத் துண்டு! மகான் படத்துப் பாட்டு, ஃபங்க் ஆல்பத்தில்! யாரிடம் சொன்னாலும் முதலில் நம்ப மாட்டார்கள், போட்டுக் காட்டுங்கள்!

அதே குழு 2005-ல் இன்னொரு பாட்டு போட்டது. அதில் ‘அப்ராத்’ (1972), ‘டான்’ (1978) என்ற இரண்டு இந்திப் படங்களின் பாட்டுகள் கலந்திருந்தன. இரண்டுக்கும் இசை கல்யாண்ஜி-ஆனந்த்ஜி! அந்தப் பாட்டுக்குக் கிராமி விருதே கிடைத்தது! அந்த ‘டான்’தான் 1980-ல் தமிழில் என்ன படமானது? ரஜினியின் ‘பில்லா’! மனுஷன் எங்கே சுற்றினாலும் வந்து நிற்கிறார் பாருங்கள்!

ஈழத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து லண்டனில் கொடி நாட்டிய எம்.ஐ.ஏ. 2007-ல் ‘கலா’ என்று அம்மா பெயரில் ஆல்பம் போட்டார். முதல் பாட்டிலேயே ஒலிப்பது எது? ‘தளபதி’யின் ‘காட்டுக்குயிலு’! அதே ரஜினி, அதே ராஜா!

கடைசியாக, ஒரகடம் லைனில் வேலை பார்க்கிறவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படிக்கவும்! ஜேம்ஸ் பிரவுன், அரீத்தா ஃபிராங்க்ளின், ரே சார்ல்ஸ் என்று சோல் ஜாம்பவான்கள் எல்லோரும் பாடி நடித்த ‘தி புளூஸ் பிரதர்ஸ்’ 1980-ல் வந்தது. அந்த ஒரே படத்துக்காக நொறுக்கிய கார்கள் எத்தனை தெரியுமா? 103! அடிபட்ட வண்டிகளை மறுநாள் ஷூட்டிங்குக்குள் தட்டி நிமிர்த்த 24 மணி நேரமும் ஓடும் ஒர்க்‌ஷாப் வேறு! நைட் ஷிஃப்ட் உட்பட!