மத்தி இடம் மாறும், மடவை எங்கே போகும்?

ஆன்லைனில் மீன் ஆர்டர் செய்பவர்கள் 'இந்தியன் சால்மன்' என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். அது வேறொன்றும் இல்லை, நம்ம ஊர் காலா மீன்தான். நிஜ சால்மனுக்கும் அதுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சால்மன் வாழ்வது பசிபிக், அட்லாண்டிக் கடல்களின் குளிர்ந்த வடபகுதியில். இந்தப் பெயர்க் குழப்பத்தில் ஆரம்பித்து, சால்மனைப் பற்றிப் படிக்கப் போய், கடைசியில் பழவேற்காட்டில் வந்து நின்றேன். அந்த வழியை இங்கே எழுதி வைக்கிறேன்.

சால்மனுக்கு என்ன ஆச்சு?

2013 கடைசியில் வடகிழக்கு பசிபிக்கில் ஒரு பெரிய பரப்பு வழக்கத்தை விடச் சூடாகி, 2016 வரை அப்படியே கிடந்தது. விஞ்ஞானிகள் அதற்கு 'ப்ளாப்' என்று பெயர் வைத்தார்கள். சூடு மீன்களை நேராகக் கொன்றுவிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். முக்கியமான அடி விழுந்தது சாப்பாட்டில்.

அந்தக் கடலில் கோபிபாட் என்ற கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு மிதவை உயிரிகள் உண்டு. குளிர்நீர் கோபிபாட்கள் குளிர்காலத்தைத் தாண்டுவதற்காக உடம்பில் கொழுப்பைச் சேர்த்து வைக்கும். வெதுவெதுப்பான நீரில் வருகிற வகைகளிடம் அந்தக் கொழுப்பு இல்லை. தண்ணீர் சூடானதும் கொழுத்தது போய் இளைத்தது வந்தது. அதைத் தின்னும் சிறு மீன்களிலும், அவற்றைத் தின்னும் சால்மன் குஞ்சுகளிலும் சத்து குறைந்தது. வயிறு நிறைந்தாலும் உடம்பில் ஒட்டவில்லை. இன்னொரு பக்கம், சூட்டில் மீனின் உடம்பு வேகமாக இயங்குவதால் தேவைப்படும் தீனியும் கூடுகிறது. வரவு குறைந்து செலவு ஏறினால் வீடு என்ன ஆகுமோ, அதுதான் ஆனது.

நம்ம பக்கத்து மத்தி

சரி, இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? இங்கே அந்த இடத்தில் இருப்பது மத்தி. தெற்கே சாளை என்பார்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது கேரளக் கரையோரம் மேல்நீர் விலகி, அடியிலிருந்து சத்துள்ள குளிர்ந்த நீர் மேலே வரும். அதில் நுண்பாசி பெருகும். அதைத் தின்று மத்தி கொழுக்கும், முட்டையிடும். ஆயுசு இரண்டு, இரண்டரை வருஷம்தான். அதனால் ஒரு பருவம் கெட்டாலே அடுத்த வருஷ வலையில் தெரிந்துவிடும்.

கொச்சியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கைப் பாருங்கள். கேரளாவில் 2012-இல் பிடிபட்ட மத்தி சுமார் 3.9 லட்சம் டன். 2021-இல் வெறும் 3,297 டன். நூற்றில் ஒரு பங்குகூட இல்லை! 2022-இல் மறுபடி ஒரு லட்சம் டன்னைத் தாண்டியது.

இதை வைத்து "எல்லாம் பருவநிலை மாற்றம்" என்று முடித்துவிடக் கூடாது. 2015-ஐ ஒட்டி வந்த எல் நினோ ஒரு காரணம். குஞ்சு மீன்களை அள்ளியது இன்னொரு காரணம். 10 சென்டிமீட்டருக்குக் குறைவான மத்தியைப் பிடிக்கக் கூடாது என்று கேரளாவில் விதி வந்ததே அதனால்தான்.

ஆனால் நீண்ட காலப் போக்கு வேறு ஒன்றைச் சொல்கிறது. 1980-களின் நடுப்பகுதி வரை மத்தி என்றால் கிட்டத்தட்ட முழுக்க மலபார் கரைதான். அதற்குப் பிறகு வடக்கே குஜராத் பக்கமும், கிழக்கே தமிழ்நாடு, ஆந்திரா பக்கமும் வலையில் விழ ஆரம்பித்தது. முன்பு அதற்குக் குளிராக இருந்த நீர் இப்போது தோதான 27-29 டிகிரிக்கு வந்துவிட்டது என்பது இதற்கு ஆய்வாளர்கள் தரும் விளக்கம். கேரளாவில் இல்லாத மத்தி தமிழ்நாட்டிலிருந்து லாரியில் கேரளாவுக்குப் போன காலமும் உண்டு.

"நமக்கு லாபம்தானே?" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் வங்கக் கடல் வேறு மாதிரி. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீர், கனம் குறைந்ததால் மேலே மூடி போட்டது போல நிற்கும். அடிநீர் சத்து அவ்வளவு சுலபமாக மேலே வராது. கடல் சூடாகச் சூடாக இந்த மூடி இன்னும் இறுகும். மத்தி விருந்தாளியாக வரலாம், நிரந்தரமாகத் தங்குமா என்பதை நம்பி யாரும் புதுப் படகு வாங்க முடியாது.

பழவேற்காட்டின் வாசல்

மத்திக்கு ஒரு வசதி உண்டு: அதற்கு நிலையான விலாசம் கிடையாது. தண்ணீர் பிடிக்கவில்லை என்றால் நகர்ந்துவிடும். சால்மனுக்கு அது முடியாது. பிறந்த ஆற்றுக்கே திரும்ப வேண்டும்.

நம் மாவட்டத்திலும் அப்படி விலாசம் உள்ள உயிர்கள் இருக்கின்றன. மடவையும் வெள்ளை இறாலும் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகும். சால்மன் கதையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்ட மாதிரி.

பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். ஆரணியாறு போன்ற ஆறுகளின் வெள்ளமும் கடல் ஓதமும்தான் முகத்துவாரத்தைத் திறந்து வைக்கின்றன. அலை கொண்டு வரும் மணல் அதை மூடப் பார்க்கிறது. மழை சில நாட்களில் மொத்தமாகக் கொட்டிவிட்டு மாதக்கணக்கில் காய்ந்தால், மணல் ஜெயிக்கும். வாசல் அடைபட்ட ஏரியில் வெயில் தண்ணீரைக் குடிக்கக் குடிக்க உப்பு ஏறும், கடல்நீரையே மிஞ்சும். இங்கேயும் பருவநிலை மட்டும் குற்றவாளி இல்லை. கரையில் நாம் கட்டும் அலைதடுப்புச் சுவர்களும் மணலின் போக்கை மாற்றுகின்றன.

அங்கே வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் நான் படித்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கடல்ல பொறந்து ஏரியில வளர்ற மீனு சார். வாசல் அடைச்சா எங்க வரும்?" என்றார். நான் மூன்று வாரம் படித்தது அந்த ஒரு வரியில் இருந்தது.

பழவேற்காட்டில் 'பாடு' என்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு. எந்த ஊர்க்காரர் எந்த நாளில் ஏரியின் எந்த இடத்தில் வலை போடலாம் என்று முறை வைத்துக்கொள்வார்கள். எல்லோருக்கும் பங்கு கிடைக்க வேண்டும் என்பதற்காக வந்த முறை. மீன் வரும் என்ற நம்பிக்கைதான் அதற்கு அஸ்திவாரம். மத்தி இடம் மாறிக்கொள்ளும். பாட்டுக்குக் காத்திருக்கும் குடும்பங்கள் எங்கும் நகர முடியாது. அவர்கள் விலாசமும் அந்த முகத்துவாரம்தான்.