பாம்பை ஆடச் சொன்ன பாட்டு

அவியல் குழுவின் ‘ஆடு பாம்பே’யை முதன்முதலாகக் கேட்கும் தமிழருக்கு ஒரு கணம் திகைப்பு வரும். கிடாரும் டிரம்ஸும் முழங்க, பாட்டு மலையாளத்தில் ஓடுகிறது. ஆனால் காதில் விழுவது நம் பாம்பாட்டிச் சித்தரின் குரல்!

திருவனந்தபுரத்தில் 2003-ல் தொடங்கிய ராக் குழு இது. டோனி ஜான், ரெக்ஸ் விஜயன் உள்ளிட்டோர் சேர்ந்து 2008-ல் கொண்டுவந்த முதல் ஆல்பத்தில் இந்தப் பாட்டு இருக்கிறது. வரிகள் ஸ்ரீ நாராயண குருவின் ‘குண்டலினிப் பாட்டி’லிருந்து வந்தவை. குரு 1856-ல் பிறந்த செம்பழந்தியும் திருவனந்தபுரத்தில்தான். அவருக்கு யோகம் சொல்லிக்கொடுத்த தைக்காடு அய்யா சுவாமிகள் தமிழர். தைக்காடு ரெசிடென்சியில் வேலை பார்த்தவர். குரு தவமிருந்த மருத்துவாமலை இன்று குமரி மாவட்டத்தில் இருக்கிறது. தமிழிலும் பதிகங்கள் பாடியவர் அவர். சித்தரைப் போலவே, பாம்பை ஆடச் சொல்லிச் சொல்லியே குருவும் பாட்டை நகர்த்துகிறார். மூலாதாரத்தில் சுருண்டு கிடக்கும் குண்டலினிதான் அந்தப் பாம்பு.

ஒரே பாட்டை இரண்டு பேர் பாடிய கதை என்றால், ராக் ரசிகர்கள் அமெரிக்காவின் போர்ட்லேண்டைச் சொல்வார்கள். 1963 ஏப்ரலில் ‘லூயி லூயி’யை கிங்ஸ்மென் குழுவும், போட்டிக் குழுவான பால் ரிவியர் அண்ட் த ரைடர்ஸும் சில நாள் இடைவெளியில் ஒரே ஸ்டூடியோவில் பதிவு செய்தன. ஜெயித்தது கிங்ஸ்மென், பில்போர்டு பட்டியலில் 2-ம் இடம். உயரத்தில் இருந்த மைக்கைப் பார்த்து அந்தக் குழுவின் பாடகர் ஜாக் ஈலி அண்ணாந்து கத்தியதில் சொற்கள் குழைந்துபோயின. ஆபாசமாக இருக்குமோ என்று எஃப்.பி.ஐ. விசாரித்தது, வார்த்தைகள் விளங்கவில்லை என்று விட்டுவிட்டது.

அவியலின் பாட்டில் சொற்கள் தொலையவில்லை. மலையாளம் தெரியாத எனக்கே பாதி புரிகிறது. பாம்பை அழைக்கும் அந்த வரி திரும்பத் திரும்ப வருவது ராக்குக்கென்றே செய்துவைத்தது போல இருக்கிறது. மகுடியின் வேலையைக் கிடார் எடுத்துக்கொள்கிறது.

தைக்காட்டில் அய்யா சுவாமிகளின் சமாதிக்குப் போய்வந்த ஒரு மாலையில் மறுபடி கேட்டேன். பாட்டு முடிந்ததும் சித்தர் பாடல் புத்தகத்தை எடுத்துப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.