துணிச் சிறகும் ஹெலிகாப்டரும்: ஒரே வானில் ஏன் ஆபத்து?

2018 மார்ச்சில் தேனி மாவட்டத்தின் குரங்கணி மலையில் 20-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட காட்டுத்தீயின்போது, மீட்புக்கு விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. அதே சரிவில் அன்று ஒருவர் பாராகிளைடரில் பறந்திருந்தால்?

பாராகிளைடரின் சிறகு வெறும் துணி. முன்விளிம்பில் வரிசையாக உள்ள வாய்கள் வழியே காற்று புகுந்து அறைகளை நிரப்புவதால்தான் அது விறைத்து நிற்கிறது. ஹெலிகாப்டர் கடந்துபோன பிறகும் அது கிளப்பிய சுழல், கண்ணுக்குத் தெரியாமல் சிறிது நேரம் காற்றில் உருண்டுகொண்டிருக்கும். அதில் நுழைந்தால் ஒரு பக்கத் துணி நொடியில் மடங்கிவிடும். தரைக்கு அருகில் என்றால் ரிசர்வ் பாராசூட் விரியவும் நேரம் இருக்காது.

ஹெலிகாப்டர் பைலட் பார்த்து விலகலாமே என்பீர்கள். ஹெலிகாப்டர் மணிக்கு 200 கி.மீ., கிளைடர் 36 கி.மீ. வேகத்தில் எதிரெதிரே வந்தால், ஒரு கிலோமீட்டர் இடைவெளி 15 நொடியில் தீர்ந்துவிடும். மலைப் பின்னணியில் அந்தத் துணி ஒரு புள்ளிதான்.

ஹெலிகாப்டர் இல்லாவிட்டாலும், அதே தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் காற்றே தனி ஆபத்து. தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டிப் பள்ளத்தாக்கின் பக்கம் இறங்கும்போது, ஓடையில் பாறைக்குப் பின்னால் தண்ணீர் சுழல்வதுபோல் சரிவோரம் சுருண்டு புரளும். சிறகை மடக்க அதுவே போதும்.

கிளைடர்கள் தமக்குள்ளும் மோதுவதுண்டு. 2024 அக்டோபரில் இமாச்சலத்தின் பீர் பில்லிங்கில் இருவர் நடுவானில் மோதியதில் பெல்ஜியம் நாட்டவர் ஒருவர் இறந்தார். எதிரெதிரே வந்தால் இருவரும் வலப்பக்கம் விலகுவதுதான் விதி.

காட்டுத்தீயோ மீட்புப் பணியோ நடக்கும் நாளில் தயவுசெய்து பறக்காதீர்கள். மேலே இருக்கும்போது ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால், உடனே தரையிறங்கிவிடுங்கள்.