சிறு பீரங்கி: காட்சிக்கா, வெடிப்பதற்கா?

நுழையும்முன்

ஒரு பொருள் எவ்வாறு தோன்றுகிறது என்பது வேறு. அஃது எதைத் தாங்கும் என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் உயிரையே விலையாகக் கொடுக்க நேரிடலாம். சிறு பீரங்கியைச் சான்றாகக் கொண்டு, பொருள்களை மதிப்பிடும் நெறியை இப்பாடம் விளக்குகிறது.

இருவகைப் பீரங்கிகள்

மேசைமீது வைக்கத்தக்க சிறு பீரங்கிகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நெடுங்காலமாகச் செய்யப்பட்டு வருகின்றன. அவற்றுள் பல, கண்ணுக்கு விருந்தாகும் அணிபொருள்கள். சில, பாய்மரப் படகுப் போட்டியின் தொடக்கத்தை ஒலியால் அறிவிப்பதற்கென்றே உருவாக்கப்பட்டவை. சக்கரமும் குழலும் இருவகைக்கும் பொது. அணிபொருளிலும் உண்மைத் தோற்றத்திற்காகத் திரித்துளை இடுவதுண்டு. எனவே, பழம்பொருள் கடையில் கிடைக்கும் ஒரு பீரங்கி எவ்வகையைச் சார்ந்தது என்பதை அதன் வடிவத்தை மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாது.

குழலுக்குள் நிகழ்வது

மரபான கருமருந்து, ஏறத்தாழ 75 விழுக்காடு வெடியுப்பும் 15 விழுக்காடு கரியும் 10 விழுக்காடு கந்தகமும் கொண்ட கலவை. அடைபட்ட இடத்தில் அது பற்றிக்கொண்டால், கணப்பொழுதில் வெப்பவளி பெருகிக் குழலின் சுவரை எல்லாப் பக்கமும் தள்ளுகிறது. இரு முனைகளும் அடைபட்ட மெல்லிய சுவருடைய உருளையில், சுற்றுவட்டத் திசையில் தோன்றும் தகைவு, நீளவாக்கில் தோன்றுவதைப் போல இருமடங்கு. குழல்கள் பெரும்பாலும் நீளவாக்கில் பிளப்பதற்கு இதுவே காரணம்.

'சிறியதுதானே, என்ன தீங்கு நேரும்?' என்று எண்ணுவது பிழை. பெரிய பீரங்கியின் அளவுகள் யாவும் பத்தில் ஒன்றாகக் குறைக்கப்பட்டால், துளையின் விட்டத்தோடு சுவரின் தடிப்பும் பத்தில் ஒன்றாகிவிடும். ஆதலால், ஒரே அழுத்தத்தில் இரண்டின் சுவரிலும் தோன்றும் தகைவு ஒன்றே. சிதறும் துண்டு சிறிதாயினும், அருகில் நிற்பவரின் கண்ணைப் பறிக்க அது போதும்.

கண் காணும் குறிகள்

முதலில் நோக்க வேண்டியது உலோகம். துத்தநாகக் கலவை அழகிய வார்ப்புகளுக்கு ஏற்றது. வெடியைத் தாங்குவதற்கு உரியதன்று. வார்ப்பிரும்பு உறுதியானதாகத் தோன்றினும் நொறுங்கும் இயல்புடையது. முன்னறிகுறி காட்டாமலே சிதறும். வெடிப்பதற்கெனச் செய்வோர், முழு எஃகுத் தண்டைக் குடைந்து குழல் அமைப்பர். அல்லது வார்ப்பின் உள்ளே இணைப்பற்ற எஃகுக் குழாயைப் பொருத்துவர்.

அடுத்தது பின்முனை. அழுத்தம் மிகுவது அங்கேதான். அவ்விடத்தில் சுவரின் தடிப்பு, துளையின் விட்டத்திற்குக் குறையாமல் இருத்தல் வேண்டும் என்பது இத்துறையினர் போற்றும் விதி. துளை நடுவினின்று விலகியிருந்தால் ஒருபக்கச் சுவர் மெலிந்துவிடும். இரு முனையும் திறந்த குழாயின் ஒரு முனையைத் தனி மூடியால் அடைத்திருந்தால், அம்மூடியே பின்னோக்கிப் பாயும் குண்டாகலாம்.

கண் காணாதவை

மேற்கூறிய குறிகளைக் கொண்டு ஒரு பீரங்கியை 'வெடிக்கத் தகாதது' என்று விலக்கலாம். 'வெடிக்கத் தக்கது' என்று உறுதிகூற முடியாது. வார்க்கும்போது சிக்கிய காற்றுக்குமிழும், மயிரிழை போன்ற விரிசலும், உள்ளே பரவிய துருவும் பளபளப்பான மேற்பரப்பின்கீழ் மறைந்திருக்கும்.

1844 பிப்ரவரி 28 அன்று, அமெரிக்காவின் 'பிரின்ஸ்டன்' போர்க்கப்பலில் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்று. 'பீஸ்மேக்கர்' என்னும் பெரும் பீரங்கி, விருந்தினர் முன்னிலையில் வெடித்துக் காட்டப்பட்டது. அன்று முன்னர் வெடித்தபோது ஊறொன்றும் நேரவில்லை. மீண்டும் வெடித்தபோது அதன் பின்பகுதி பிளந்து சிதறியது. வெளியுறவு அமைச்சர் ஏபெல் அப்ஷரும் கடற்படை அமைச்சர் தாமஸ் கில்மரும் உள்ளிட்ட பலர் மாண்டனர். கீழ்த்தளத்தில் இருந்த குடியரசுத் தலைவர் ஜான் டைலர் உயிர் தப்பினார். பின்முனை மிகத் தடிப்பாக அமைக்கப்பட்டிருந்தும் பீரங்கி காக்கப்படவில்லை. ஒருமுறை தாங்கியது மறுமுறையும் தாங்கும் என்பதற்கு உறுதி இல்லை.

தெரிந்து தெளிவோம்

துப்பாக்கிக் குழல்களைச் சோதிக்கும் அமைப்புகள் இங்கிலாந்தில் உள்ளன. இலண்டன் துப்பாக்கி வினைஞர் குழுமம் 1637இல் அரச பட்டயம் பெற்றது. பர்மிங்காம் சோதனை நிலையம் 1813இல் சட்டத்தின்வழி நிறுவப்பட்டது. வழக்கமான அளவினும் மிகுதியான மருந்திட்டு, பாதுகாப்பான சூழலில் வெடித்துப் பார்த்து, குழலை ஆராய்ந்து, தேறியவற்றில் முத்திரை பொறிப்பர். பின்னாளில் குழல் துருப்பிடித்தாலோ மாற்றியமைக்கப்பட்டாலோ அம்முத்திரையை நம்பலாகாது.

மெய்ப்பிக்கும் பொறுப்பு

ஐயமுற்ற நிலையில் முடிவெடுப்பது எவ்வாறு? இருவகைப் பிழைகள் நேரக்கூடும். வெடிக்கத் தக்க பீரங்கியை அணிபொருள் எனக் கருதினால் இழப்பது ஓர் ஒலி மட்டுமே. அணிபொருளை வெடிக்கத் தக்கது எனக் கருதினால் இழப்பது கையோ கண்ணோ உயிரோ ஆகலாம். இழப்புகள் ஒத்தவையல்ல, ஆகவே முடிவும் நடுநிலையில் நிற்க வேண்டியதில்லை. பாதுகாப்பானது என்று மெய்ப்பிக்கப்படும்வரை ஒவ்வொரு சிறு பீரங்கியும் அணிபொருளே. மெய்ப்பிப்பது தகுதிபெற்ற வல்லுநரின் பணி. ஆர்வலர் தாமே வெடித்துப் பார்ப்பது சோதனையாகாது. பழைய மின்கம்பி, துருப்பிடித்த எரிவளி உருளை, விரிசல்விட்ட பாலம் ஆகியவற்றை மதிப்பிடும்போதும் இந்நெறியே துணைநிற்கும்.