சுடரும் தோரணமும்

ஐப்பசியில் தீபாவளி, கார்த்திகையில் தீபத் திருநாள், மார்கழியில் கிறிஸ்துமஸ் என்று ஆண்டின் இறுதி மாதங்கள் ஒளி விழாக்களுக்கே உரியவை. புனே நகரின் கேம்ப் பகுதியில் இவையனைத்தையும் ஒரே தெருவில் காணலாம். மராத்தியர் வாசலில் ‘ஆகாச கந்தீல்’ என்னும் காகிதக் கூண்டு விளக்கு ஆடும். தமிழர் வாசலில் அகல் வரிசை எரியும். கிறிஸ்தவர் இல்லத்தில் நட்சத்திர விளக்கும் வைக்கோல் குடிலும் விளங்கும்.

குளிர் மிகுந்த மேல்நாடுகளில் கணப்படுப்பைச் சுற்றி இலைத் தோரணம் கட்டுவர். நம் இல்லங்களில் அந்த இடத்தைப் பெற்றிருப்பது பூசை மாடம். ஊரில் அது தனி அறையாகவோ சுவரில் அமைந்த கல் மாடமாகவோ இருந்தது. இங்கோ, சிறிய குடியிருப்பில், சமையலறைப் பலகையின்மீது ஒரு மரப்பெட்டியாகச் சுருங்கிவிட்டது. அதே பூமாலை, அதே காகிதத் தோரணம், அதே குத்துவிளக்கு. இடம் மட்டும் குறைந்துவிட்டது. ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது.

சுடரின் இயல்பை அறிந்தால் காப்பு எளிது. சூடேறிய காற்று இலேசானது. ஆகையால் மேலே செல்கிறது. விளக்கின் பக்கத்தில் நான்கு விரற்கடைத் தொலைவில் கையை வைக்கலாம். அதே தொலைவில் சுடருக்கு மேலே வைத்தால் சுட்டுவிடும். எனவே தோரணத்தை விளக்கின் தலைக்குமேல் கட்டலாகாது. பின்புறத்தில், எட்டத்தில் கட்டவேண்டும். விளக்கைச் சுற்றி ஓரடியும், அடுப்பையும் கரிச்சிகடியையும் சுற்றி மூன்றடியும் வெற்றிடம் இருத்தல் நலம். நாள்தோறும் சூடேறி உலர்ந்து கருகிய பலகை பிறிதொரு நாள் எளிதில் பற்றிக்கொள்ளும். காகிதம் சட்டென எரியும். நைலான் உருகி உடலில் ஒட்டிக்கொள்ளும்.

அலங்காரமே உயிருக்கு உலையாவதை நாம் கண்டிருக்கிறோம். 2004 ஜனவரி 23 அன்று திருவரங்கத்தில் ஒரு திருமணம் நடந்துகொண்டிருந்தபோது கீற்றுப் பந்தலில் தீப்பற்றியது. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கேம்ப்வாசிகளுக்கும் தீ அறியாத செய்தியன்று. 2021 மார்ச் 16 அன்று சிவாஜி மார்க்கெட்டிலும், பத்தே நாள் கழித்து 26 ஆம் தேதி இரவு ஃபேஷன் ஸ்ட்ரீட்டிலும் நெருப்பு மூண்டது. பின்னதில் துணியும் பிளாஸ்டிக்கும் நெருங்கி நிறைந்த நானூறுக்கும் மேற்பட்ட கடைகள் சாம்பலாயின. நெருக்கம் தீக்கு நண்பன் என்பதே இவ்விரு ஊர்களும் தரும் பாடம்.

காகிதக் கந்தீலுக்குள் மெழுகுவர்த்தியோ பழைய இழை பல்போ வேண்டா. இழை பல்பு உண்ணும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகவே வெளிப்படும். எல்.இ.டி. விளக்கே தக்கது. ஒரே பிளக்கில் பல விளக்குச் சரங்களைப் பிணைத்தலும், படுக்கைக்குச் செல்லும்போது சுடரை எரியவிடுதலும் கூடா. அகலை உயர்ந்த விளிம்புள்ள தட்டில் வைத்து, குழந்தைகளின் கைக்கும் சாளரத் திரைக்கும் எட்டாதபடி பார்த்துக்கொள்ளவேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். நாற்றம் தெரிந்தால் விளக்கை அணைத்து, மின்விசையைத் தொடாமல், சன்னல் கதவுகளைத் திறந்து வெளியேறி, 1906 என்ற எண்ணை அழைக்கலாம்.

வாணலி எண்ணெய் பற்றினால் நீர் ஊற்றலாகாது. நீர் எண்ணெய்க்கு அடியில் சென்று ஆவியாகி, எரியும் எண்ணெயை எங்கும் வாரியிறைக்கும். அடுப்பை அணைத்து மூடியால் மூடுவதே முறை. ஆடையில் தீப்பற்றினால் ஓடாமல் தரையில் உருளவேண்டும். புண்ணில் மையோ பற்பசையோ பூசாமல், இருபது நிமிடம் குளிர்ந்த குழாய்நீர் படவிடவேண்டும். தீயணைப்புப் படையின் எண் 101.

சொந்த ஊரில் ஆபத்து நேர்ந்தால் கூக்குரல் கேட்டுத் தெருவே திரண்டு வரும். வேற்றூரில் மூன்றாம் மாடியில் வாழும் நமக்குக் கதவுக்கு அப்பால் இருப்பவரின் மொழியும் புதிது. பண்டிகைக்குமுன் அண்டை வீட்டாரோடு பேசிப் பழகி, வெளியேறும் வழியைத் தெரிந்துகொள்வதும் விழா ஏற்பாட்டில் ஒரு பகுதியே. சுடருக்கு இடம்விட்டு அலங்கரிப்போம். அப்போது விளக்கும் அழகாகத் தெரியும், வீடும் நலமாக இருக்கும்.